ஏழாவது ட்ராக்: ஒரு கடற்கரை இசைக்குழுவின் விசுவாச ஆல்பம் பற்றிய நிகழ்வு ஆய்வு

இந்தக் குறிப்பில் யாருடைய பெயரும் இல்லை, ஊர்ப்பெயரும் இல்லை. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், தூத்தூர் பக்கத்துக் கடற்கரைக் கிராமங்களில் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். அங்கே ஒரு பாப் இசைக்குழு, வரிசை மாறாமல் ஒரே மூச்சில் கேட்க வேண்டிய ஒன்பது ட்ராக் கொண்ட ஆல்பமாகத் தங்கள் விசுவாசத்தைச் சொல்ல முயன்றது. நான் மார்த்தாண்டத்தில் சின்ன ஸ்டுடியோ வைத்திருப்பவன். பதிவும் மிக்சிங்கும் என் பொறுப்பு. ஆகவே இது வெளியாள் எழுதும் அறிக்கை இல்லை. நடந்த தவறுகளில் இரண்டு என்னுடையவை.

பின்னணி

குழுவில் ஐந்து பேர். கிட்டார் வாசிப்பவர் ஆழ்கடல் தூண்டில் தொழில் செய்யும் குடும்பம். பொறியியல் முடித்து, வளைகுடாவில் இரண்டு வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவர். பாடுபவர் செவிலியர், சிறு வயது முதல் பங்கின், அதாவது ஊர்க் கத்தோலிக்கக் கோவிலின், பாடகர் குழுவில் இருப்பவர். கீபோர்டு வாசிப்பது அவருடைய தம்பி. டிரம்ஸ் வாசிப்பவர் மார்த்தாண்டத்துக்கு உள்ளே ஒரு சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டன்ட்) குடும்பம், பாமாலைத் துதிப்பாட்டுகளை நான்கு குரலில் கேட்டு வளர்ந்த காது. பேஸ் கிட்டார் வாசிப்பவர் நாகர்கோவில் பக்கத்து இந்துப் பையன். அவருடைய தாத்தா வில்லுப்பாட்டுக் குழுவில் குடம் அடித்தவர்.

பத்து நாள் திருவிழாக்களில் கடைசி இரவு மேடைக் கச்சேரிதான் இவர்களுக்குப் பிழைப்பு. தேர் சுற்றி வந்து நின்றதும் சினிமாப் பாட்டு தொடங்க வேண்டும். கிட்டார்காரருக்கு அதில் ஒரு கூச்சம். “காலையில ஜெபம், ராத்திரி குத்துப்பாட்டு, நடுவுல நமக்குன்னு ஒண்ணுமே இல்ல” என்பார். ஆல்பம் யோசனை அங்கிருந்துதான் வந்தது.

பல பாட்டுகளை ஒரே கதையில் கோக்கும் கான்செப்ட் ஆல்பம் மேற்கத்திய ராக் இசையில் 1960களின் பிற்பகுதியில் பேர் பெற்றது. நமக்கு அது அப்படி ஒன்றும் புதிதில்லை. கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) பைபிள் விஷயத்தைக் குறவஞ்சி நாடகமாகவே கட்டியிருக்கிறார். வில்லுப்பாட்டும் விடிய விடிய ஒரே கதைதான். இவர்கள் எடுத்த கதை ஓர் இரவு: சாயங்காலக் கோவில் மணியில் தொடங்கி, படகு கிளம்பி, காற்று மாறி, புயல் அடித்து, விடியற்காலை கரையில் மீன் ஏலத்தில் முடிவது.

எந்த இரவு என்று ஆல்பத்தில் சொல்லவில்லை. ஆனால் இந்தக் கடப்புறத்தில் புயல் என்றாலே 2017 நவம்பர் 29க்கும் 30க்கும் நடுவில் வந்த ஒக்கிதான். மாவட்டத்தின் உள்பகுதியில் வாழையும் ரப்பரும் சாய்ந்தன. கடலில் வாரக்கணக்கில் தங்கல் போயிருந்த படகுகளுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவே இல்லை. தூத்தூர் பக்கத்தில் திரும்பாதவர் இல்லாத ஊர் கிடையாது. இவர்கள் பதிவுக்கு வந்தது அதற்கு ஏழாம் ஆண்டில்.

முதல் கட்டம்: பதிவு

மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அப்போதுதான் கோரஸ் பாட ஆண்கள் ஊரில் இருப்பார்கள் என்று அந்த இரண்டு மாதத்தையே பிடித்தோம். கணக்கு சரி, கடல் மட்டும் ஒத்துழைக்கவில்லை. பாட்டுக்குப் பாட்டு பின்னால் ஓட வேண்டிய அலைச்சத்தத்தை ஆனி மாதத்தில் பதிவு செய்தால் லாரி ஜல்லி கொட்டுவதுபோல் இருக்கிறது. தென்மேற்குப் பருவக் கடல் அப்படித்தான். கரையில் இருப்பவர்கள் அதைக் கேட்டதுமே, “இதுல எவன் படகிறக்குவான்?” என்று சிரித்தார்கள். கதைப்படி அது கொண்டல் என்னும் கீழைக்காற்று அடிக்கும் மாதம். கடைசியில் அலைச்சத்தத்தை ஐப்பசியில் மறுபடியும் எடுத்தோம்.

வில்லுப்பாட்டு வாத்தியங்கள் வேண்டும் என்பது எல்லோருடைய ஆசை. பேஸ்காரர் தாத்தாவிடம் கேட்டார். குடத்தையும் உடுக்கையையும் தாராளமாகக் கொண்டுபோகலாம், வில் மட்டும் கோவில் கொடைவிழாவுக்கு உரியது, வேறு இடத்தில் பூட்ட மனசில்லை என்றார் தாத்தா. யாரும் வற்புறுத்தவில்லை. நான்காவது பாட்டில் காற்று மாறும் இடத்தில் குடத்தின் வாயில் பத்தி என்னும் தட்டுமட்டை விழும் ஒலி வருகிறது. ஆல்பத்திலேயே எனக்குப் பிடித்த இருபது விநாடி அது.

முதல் சிக்கல்: நீரா, நீயா

நம் ஊர்க் கிறிஸ்தவ ஜெபத்தில் கடவுளை “நீர்” என்றும் “தேவரீர்” என்றும்தான் அழைப்போம். ஐந்தாவது பாட்டில் அது “நீ” ஆகிவிடுகிறது. புயல் நடுவில், படகின் பின்புறத்தில் தலையணை வைத்துத் தூங்கும் இயேசுவைச் சீடர்கள் எழுப்பும் மாற்கு நற்செய்தி 4ஆம் அதிகாரக் காட்சி அது. சீடர்கள் கேட்பதும் குற்றச்சாட்டுதான்: நாங்கள் சாகப்போகிறோம், உமக்குக் கவலையில்லையா? இவர்கள் அதை இன்றைய படகில் வைத்து, “நீ தூங்குற” என்று எழுதினார்கள்.

பங்குப் பேரவையில் மூன்று பெரியவர்கள் இதைக் கடுமையாக எதிர்த்தார்கள். கோபம் இருக்கலாம், மரியாதை போகக் கூடாது என்பது அவர்கள் வாதம். அதை லேசாகத் தள்ள முடியாது. மூவரில் ஒருவர் ஒக்கியில் தம்பியைப் பறிகொடுத்தவர்.

ஆல்பம் திருப்பலியில் பாடுவதற்கு இல்லை என்பதால் யாருடைய அனுமதியும் தேவையில்லை. ஆனாலும் பங்குத்தந்தையிடம் போனார்கள். அவர் வரிகளைத் திருத்தவில்லை. பைபிளின் திருப்பாடல்கள் புத்தகத்தில் 88ஆவது கடைசி வரை இருட்டிலேயே முடிகிறது, ஆறுதல் வரி ஒன்றுகூட இல்லை, அதையும் திருச்சபை இத்தனை நூற்றாண்டாக ஜெபித்துத்தான் வருகிறது என்று பெரியவர்களிடம் சொன்னார். குழுவிடம் கேட்டது ஒரே கேள்வி: “கோபத்துல மட்டும்தான் நீயா?”

பேஸ்காரர் சும்மா சொல்வதுபோல் ஒன்று சொன்னார். ஆழ்வார்களும் நாயன்மார்களும் சாமியை நீ என்றுதான் கூப்பிட்டார்கள், அங்கே அது கோபம் இல்லை, நெருக்கம். முடிவு அதிலிருந்துதான் வந்தது. முதல் நான்கு பாட்டில் “நீர்”. ஐந்தில் கோபத்தோடு “நீ”. ஆறில் கரையில் பெண்கள் சொல்லும் ஜெபமாலை, அதில் மறுபடியும் மரபுப்படி “நீர்”. புயல் ஓய்ந்தபிறகு எட்டாவது பாட்டில், கத்தாமல், தாழ்ந்த குரலில், மறுபடி “நீ”. கடவுளைப் புராட்டஸ்டன்ட் வழக்கப்படி கர்த்தர் என்பதா, கத்தோலிக்க வழக்கப்படி ஆண்டவர் என்பதா என்று டிரம்ஸ்காரருக்கும் பாடகிக்கும் இருந்த பழைய வழக்கும் இதோடு தீர்ந்தது. பெண்கள் சொல்லும் ஜெபமாலையைத் தவிர, இரண்டு சொல்லும் ஆல்பத்தில் எங்கும் இல்லை.

பெரியவர்களில் இருவர் சமாதானமானார்கள். ஒருவர் ஆகவில்லை.

இரண்டாவது சிக்கல்: ஏழாவது பாட்டு

முதல் வரைவில் ஏழாவது, மரித்தோருக்கான பாட்டு. இறந்தவர்களுக்கு இளைப்பாற்றி கேட்கும் ஜெபத்தின் சாயலில் எழுதி, நான்கு குரலில் அமைத்தது. இசையாகப் பார்த்தால் ஆல்பத்திலேயே சிறந்தது அதுதான்.

கரடு மிக்ஸ்களைக் குழுவுக்கு வாட்ஸாப்பில் எம்பி3ஆக அனுப்பினேன். முதல் தவறு அதுதான். கோப்புகள் தனித்தனியாகப் போனதால் வரிசை கலைந்தது. அலைச்சத்தம் அறுந்து அறுந்து கேட்டது. அதையாவது சரிசெய்துகொள்ளலாம். இரண்டாவது தவறு கோப்புப் பெயர். ஸ்டுடியோவில் வேலைக்காக வைத்த பெயரை மாற்றாமலே விட்டிருந்தேன்: “07 செத்தவங்க பாட்டு”. கோரஸ் பாடிய ஒரு பையன் அதைச் சொந்தக்காரர்களுக்கு அனுப்ப, இரண்டு நாளில் அது ஓர் அம்மாவின் மகள் கையிலிருந்த போனுக்குப் போய்விட்டது. அந்த அம்மாவின் மூத்த மகன் ஒக்கியில் போனவர். உடல் கிடைக்கவில்லை.

கிட்டார்காரரும் பாடகியும் நானும் அவர் வீட்டுக்குப் போனோம். திண்ணையில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். எங்களைப் பார்த்துக் கையை நிறுத்தவில்லை. ஒவ்வொரு மீனாகத் தலையைக் கிள்ளிப் போட்டுக்கொண்டே கேட்டார்:

“எனக்க மவன் செத்தான்னு ஆரு மக்ளே சொன்னது?”

பாடகி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்த அம்மா, “பாட்டு நல்லாத்தான் இருக்கு. எனக்க மவனுக்கு வேண்டாம்” என்றார். அவ்வளவுதான் பேச்சு. கட்டன்காபி கொடுத்து அனுப்பினார்.

விஷயம் இத்தோடு நின்றிருந்தால் பாட்டை எடுத்துவிட்டு மேலே போயிருக்கலாம். ஆனால் அதே படகில் போன இன்னொருவரின் மனைவி நேர்மாறாக நின்றார். யாரையாவது ஏழு ஆண்டுகளாகக் காணவில்லை என்றால்தான் சட்டம் அவரை இறந்தவராகக் கருதும். ஒக்கியில் அரசு அதற்குக் காத்திராமல் நிவாரணம் கொடுத்துவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு விண்ணப்பத்திலும், பிள்ளைகளின் பள்ளிக்கூடப் படிவத்திலும் அவர் எழுதிய சொல் ஒன்றுதான். “காணாமப் போனவர்னு எழுதி எழுதி கை ஓஞ்சு போச்சு. ஒரு பாட்டாவது அவரு மரிச்சார்னு சொல்லட்டு” என்றார்.

குழுவுக்குள் இரண்டு கட்சி. பொதுவான பாட்டுதானே, யார் பெயரும் இல்லையே என்றார் டிரம்ஸ்காரர். ஊருக்கு வெளியே கேட்பவனுக்குத்தான் அது பொதுவான பாட்டு என்றார் பாடகி. நான் பாட்டின் பக்கம் நின்றேன். அத்தனை உழைத்த நான்கு குரல் அமைப்பை விட மனம் வரவில்லை. இப்போது யோசித்தால் அது காரணமே இல்லை.

இன்னொரு யோசனையும் வந்தது. ஒக்கி நேரத்தில் படகுகளுக்குள் நடந்த வயர்லெஸ் பேச்சை ஒருவர் போனில் பதிவுசெய்து வைத்திருந்தார். அதை ஏழாவதாக வைத்தால் என்ன? கேட்டுப் பார்த்தோம். அரை நிமிடத்தில் பாடகி எழுந்து வெளியே போய்விட்டார். பேசுகிறவர்களின் குரலை ஊரில் எல்லோரும் அடையாளம் கண்டுகொள்வார்கள். வேண்டாம் என்று உடனே முடிவானது. கேட்டதே தப்பு என்றும் பட்டது.

ஆனால் அதிலிருந்துதான் கடைசி முடிவு பிறந்தது. தடைக்காலம் முடியச் சில நாள் இருக்கும்போது, தேங்காப்பட்டணம் துறைமுகத்தில் கட்டிக் கிடந்த உறவினர் படகில் ஏறி, வி.எச்.எஃப். வயர்லெஸ் செட்டைப் போட்டோம். 16ஆவது சானல், 156.8 மெகாஹெர்ட்ஸ், ஆபத்தில் கூப்பிட உலகம் முழுக்கப் பொதுவான அலைவரிசை. யாரும் பேசாதபோது செட் ஊமையாக இருக்கும். இரைச்சலை அடக்கிவைக்கும் ஸ்கெல்ச் குமிழை முழுக்கத் திறந்துவிட்டால் மட்டும் அந்த வெறும் இரைச்சல் வரும். அதைப் பதிவு செய்தோம். ஏழாவது ட்ராக் அவ்வளவுதான்: இரண்டு நிமிடம் நாற்பது விநாடி, ஆள் குரலே இல்லாமல் வயர்லெஸ் திறந்திருக்கும் ஓசை. அவன் இறந்தான் என்றும் அது சொல்லாது, இருக்கிறான் என்றும் சொல்லாது. யாரோ செட்டை அணைக்காமல் காத்திருக்கிறார்கள் என்பது மட்டும் கேட்கும்.

இது பாட்டே இல்லையே, இதில் விசுவாசம் எங்கே என்று குழுவுக்குள்ளேயே கேள்வி வந்தது. என் கணக்கில் ஒன்பதில் மிக அழுத்தமான ஜெபம் அதுதான். மற்ற எட்டிலும் நாம் நம்புவதை நாமே சொல்கிறோம்.

வெளியீடு

நவம்பர் 30 அன்று வெளியிடலாம் என்று ஒருவர் சொன்னார். அந்த நாளை விளம்பரத்துக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது என்று மற்ற நால்வரும் மறுத்தார்கள். அதற்கு முன்வந்த ஒரு ஞாயிறு சாயங்காலம் பங்கு மண்டபத்தில், விளக்குகளைக் குறைத்து, இரண்டு ஸ்பீக்கரில் தொடக்கம் முதல் முடிவு வரை ஆல்பத்தை ஓட விட்டோம். மேடையில் யாரும் இல்லை. நாற்பத்தேழு நிமிடம்.

அந்த அம்மா வந்திருந்தார். கடைசி வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில், கையில் ஜெபமாலை. ஏழாவது தொடங்கியதும் மண்டபத்தில் சிலர் ஸ்பீக்கர் கெட்டுவிட்டதென்று திரும்பிப் பார்த்தார்கள். ஒரு தாத்தா மட்டும் பக்கத்தில் இருந்த பேரனிடம், “செட்டு. செட்டு தொறந்து கெடக்கு” என்று மெல்லச் சொன்னார். அது வரிசை வரிசையாகப் பின்னால் போனது. அந்த அம்மா மணியை உருட்டுவதை நிறுத்தவில்லை. முடிந்ததும் எங்களிடம் ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குப் போனார். மறுநாள் மகள் வழியாக ஒரு கவரில் நெத்திலிக் கருவாடு வந்தது.

மண்டபத்தில் எடுபட்டது இணையத்தில் அப்படியே எடுபடவில்லை. ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் ஒலியளவை மைனஸ் 14 லஃப்ஸ் (ஒலியின் உரப்பை அளக்கும் அலகு) பக்கம் கொண்டுவருகின்றன. ஆல்பத்தை வரிசையாகக் கேட்டால் பாட்டுக்குப் பாட்டு நாம் வைத்த ஏற்ற இறக்கம் நிற்கும். கலைத்துப் போட்டுக் கேட்டால் ஒவ்வொன்றையும் தனியாகச் சமன் செய்வதால், தாழ்வாக வைத்த வயர்லெஸ் இரைச்சல் மேலே ஏறி, காதில் மணல் கொட்டியதுபோல் வரும். அதனால் யூடியூபில் ஒன்பதையும் ஒரே நீள வீடியோவாகவும் போட்டோம். பார்த்தவர்கள் குறைவு.

அதிகம் பரவியது எட்டாவது பாட்டு. தாழ்ந்த குரலில் “நீ” என்று தொடங்குவதால் காதல் பாட்டு என்று எடுத்துக்கொண்டு, நிச்சயதார்த்த ரீல்ஸ்களில் போட்டார்கள். பாடகி முதலில் வருந்தினார், அப்புறம் சிரித்தார். சிரிக்க முடியாதது ஐந்தாவதுக்கு நடந்தது. “நீ தூங்குற” என்ற முப்பது விநாடியை மட்டும் யாரோ வெட்டி, கடவுளை இழிவுபடுத்தும் குழு என்று எழுதிச் சுற்றுக்கு விட்டார்கள். சமாதானமாகாத அந்தப் பெரியவருக்கு இதில் பங்கில்லை. அவரே வந்து வருத்தப்பட்டார். இரண்டு ஊர்த் திருவிழாக் கச்சேரி கைவிட்டுப் போனது. பங்குத்தந்தை ஞாயிறு மறையுரையில் மாற்கு 4ஐ வாசித்து விளக்கியபின் ஊருக்குள் அடங்கியது. வெளியே அந்தத் துண்டு இன்னும் சுற்றுகிறது.

இப்போது செய்தால்

வரைவுகளை வாட்ஸாப்பில் அனுப்ப மாட்டேன். ஒரே நீளக் கோப்பாக, எண்ணும் தேதியும் மட்டும் பெயராக வைத்து, நேரில் வந்து கேட்கச் சொல்வேன். ஐந்தாவதைத் தனிப் பாட்டாகத் தளங்களில் ஏற்ற விடமாட்டேன். ஆறோடு ஒட்டி ஒரே ட்ராக்காக வைத்திருந்தால் வெட்டுகிறவனுக்குக் கொஞ்சமாவது சிரமம் இருந்திருக்கும்.

குடும்பங்களிடம் போவதைப் பாட்டு எழுதும் முன்பே செய்திருக்க வேண்டும். நாங்கள் போனது கோப்பு கசிந்த பிறகு. வயர்லெஸ் யோசனை தற்செயலாகக் கிடைத்தது. கிடைக்காமல் போயிருந்தால் இரண்டு வீடுகளில் ஒன்றை நோகடித்துத்தான் ஆல்பம் வந்திருக்கும்.

உண்மையில் ஒரு வீடு நொந்துதான் போனது. மண்டபத்தில் கேட்டுவிட்டு வெளியே வந்த அந்த மனைவி, “எங்களுக்குன்னு ஒரு பாட்டு இல்லாமப் போச்சே” என்றார். எங்களிடம் பதில் இல்லை. எடுத்துவிட்ட ஏழாவது பாட்டை முழு மிக்ஸ் செய்து, பென் டிரைவில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அதை மேசை மேல் வைத்துவிட்டு, இதைப் போட்டுக் கேட்க வீட்டில் பெட்டி இல்லை, நினைவுப் பூசையில் நேரில் வந்து பாட முடியுமா என்று கேட்டார். ஆல்பத்தில் இல்லாத பாட்டு. வரிகளைப் பங்குத்தந்தை பார்த்துச் சரி சொன்னார். ஐந்து பேரும் போய்ப் பாடினார்கள், பேஸ்காரர் உட்பட. மைக் இல்லை, ஆர்மோனியம் மட்டும்.

அந்த அம்மாவும் அன்று பூசைக்கு வந்திருந்தார். பாட்டு தொடங்கியதும் எழுந்து வெளியே போய்க் கொடிமரத்தடியில் நின்றார். முடிந்ததும் உள்ளே வந்து, எழுந்துபோன அதே இடத்தில் உட்கார்ந்தார்.